பனியில் நடந்த மாமனிதர் நான்சென்



இந்த முறை நாம் தெரிஞ்சுக்கப் போறது பனி நாட்டுக்காரர் ஒருவரைப் பற்றி. திண்டிவனத்துல மே மாசம் 40 டிகிரி வெயில் கொளுத்துது. நமக்கு எதுக்குப் பனி என்று கேட்காதீங்க. கடைசி வரைக்கும் படிச்சா, இவருக்கும் நம்ம மாவட்டத்துக்கும் இருக்கிற தொடர்பு உங்களுக்கே புரியும்.

அவர் பெயர் ஃபிரித்யோஃப் நான்சென். 1861-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி நார்வே நாட்டின் தலைநகருக்குப் பக்கத்தில் பிறந்தார். இன்று ஆஸ்லோ என்று சொல்லும் அந்த ஊருக்கு அப்போது கிறிஸ்டியானியா என்று பெயர். அப்பா வழக்கறிஞர். அம்மா பனிச்சறுக்கில் கெட்டிக்காரர். மகனும் சின்ன வயசிலேயே கட்டையைக் காலில் மாட்டிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

பனிச்சறுக்கு என்றால் என்ன?

டி.வி.யில் மலை உச்சியிலிருந்து சர்ரென்று இறங்குவதைப் பார்த்திருப்பீங்க. நான்சென் செய்தது அது இல்லை. சமவெளியிலும் மேட்டிலும் கிலோமீட்டர் கணக்கில் தள்ளித் தள்ளிப் போகும் நெடுந்தூரப் பனிச்சறுக்கு. இதில் காலின் முன்பகுதி மட்டும்தான் கட்டையோடு கட்டியிருக்கும், குதிகால் தூக்க வரும். அதனால் நடக்கிற மாதிரியே முன்னேறலாம். இன்னொன்று பனி மிதியடி. அகலமான சட்டத்தில் தோல் வார் பின்னியிருக்கும், பார்க்க டென்னிஸ் மட்டை மாதிரி இருக்கும். அதில் சறுக்க முடியாது, நடக்கலாம்.

கால் ஏன் பனியில் புதைவதில்லை? நம்ம ஊர்ல சேத்து வயலில் பரம்பு அடிக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? பலகை மேல் ஆள் ஏறி நின்றாலும் பலகை முழுகாது. எடை பரவலாக விழுவதால் அழுத்தம் குறைகிறது. அறிவியல் பாடத்தில் படிச்ச அதே விஷயம்தான்!

நார்வேயில் இது ஊரோடு சேர்ந்த பழக்கம். பனிச்சறுக்கை வளர்ப்பதற்கென்றே 1883-இல் கிறிஸ்டியானியாவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அது இன்றும் இருக்கிறது. காட்டில் பனிப்பாதை போட்டுக் கொடுக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றும் கொடுக்கிறது. விடுமுறை நாளில் பையில் ஆரஞ்சுப் பழமும் சாக்லேட்டும் போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள்.

நான்சென் விலங்கியல் படித்தார். 1882-இல் பெர்கன் நகர அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1884-இல் தலைநகரில் நடந்த பனிச்சறுக்குப் போட்டிக்காக, குளிர்காலத்தில் மலைகளைத் தாண்டிப் பனிச்சறுக்கிலேயே போய்ச் சேர்ந்து, அதே மாதிரி திரும்பியும் வந்தார். அப்போது அவருக்கு வயது 22.

கிரீன்லாந்து

மரக்காணம் உப்பளத்தில் உச்சி வெயில் நேரத்தில் நின்றால் உப்புக் குவியல் கண்ணைக் கூசும். அந்த வெள்ளை, ஒரு மரம்கூட இல்லாமல், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு நீண்டால் எப்படி இருக்கும்? கிரீன்லாந்தின் உட்பகுதி அப்படித்தான் இருக்கும். அதைக் கரைக்குக் கரை அதுவரை யாரும் கடந்ததில்லை. முயன்றவர்கள் எல்லாரும் மக்கள் வாழும் மேற்குக் கரையில் தொடங்கி, கஷ்டம் வந்ததும் திரும்பிவிட்டார்கள்.

நான்சென் திட்டத்தைத் தலைகீழாகப் போட்டார். ஆள் நடமாட்டம் குறைந்த கிழக்குக் கரையில் இறங்கி மேற்கே போக வேண்டும். கொண்டுவிட்ட கப்பல் போய்விடும். பின்னால் திரும்பினால் சாவு, முன்னால் போனால் ஊர். பலர் இதைப் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். ஒரு பத்திரிகை, வேடிக்கை பார்க்க வருபவர்களுக்குத் திரும்பி வர டிக்கெட் தேவைப்படாது என்று கேலி செய்தது. அரசாங்கமும் பணம் தரவில்லை. டென்மார்க் வணிகர் ஒருவர்தான் உதவினார்.

1888-இல் ஆறு பேர் கிளம்பினார்கள். அதில் பால்ட்டோ, ராவ்னா என்ற இருவர் சாமி பழங்குடியினர். கப்பலை விட்டுப் படகில் இறங்கியதுமே சோதனை. மிதக்கும் பனிக்கட்டிகள் அவர்களைத் தெற்கே இழுத்துப் போயின. நாள்கணக்கில் பனிக்கட்டி மேலேயே மிதந்தார்கள். ஒருவழியாகக் கரை சேர்ந்து, மறுபடி வடக்கே துடுப்புப் போட்டு, ஆகஸ்ட் 15-ஆம் தேதிதான் ஏறத் தொடங்கினார்கள்.

சாமான் வண்டிகளைத் தாங்களே இழுத்தார்கள். 2,700 மீட்டருக்கு மேல் ஏறினார்கள். இரவில் குளிர் மைனஸ் 45 டிகிரி வரை போனது. கொண்டுபோன உலர் இறைச்சியில் கொழுப்பு இல்லாததால் எவ்வளவு தின்றாலும் பசி அடங்கவில்லை. சுற்றிலும் பனி, ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லை! பனியை உருக்க எரிபொருள் வேண்டுமே. அதனால் குடுவையில் பனியைப் போட்டுச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து, உடம்புச் சூட்டில் உருக்கிக் குடித்தார்கள். காற்று சாதகமாக அடித்தபோது வண்டிகளில் பாய் கட்டி ஓட்டினார்கள்.

செப்டம்பர் கடைசியில் மேற்குக் கடல் தெரிந்தது. கூடாரத்துணியையும் மரக்கிளைகளையும் வைத்து ஒரு குட்டிப் படகு கட்டி, நான்செனும் நண்பர் ஸ்வெர்ட்ரூப்பும் அக்டோபர் 3-ஆம் தேதி ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பனி மேல் கடந்த தூரம் ஏறக்குறைய 450 கிலோமீட்டர். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பதினோரு தடவை போகிற தூரம்! ஆனால் அந்த வருஷத்துக் கப்பல் போய்விட்டது. குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்கி, இனுயிட் மக்களிடம் தோல் படகு ஓட்டக் கற்றுக்கொண்டார். 1889-இல் நாடு திரும்பினார். அவர் எழுதிய பயண நூலைப் படித்துத்தான் ஐரோப்பாவில் பலர் பனிச்சறுக்கு பழகினார்கள்.

வடதுருவம் நோக்கி

அடுத்து, ஃப்ராம் என்ற கப்பலை 1893-இல் வேண்டுமென்றே பனிக்கடலில் உறைய விட்டார். பனி நகரும்போது கப்பலும் சேர்ந்து நகரும் என்பது அவர் கணக்கு. அது சரியாகவே இருந்தது. 1895 மார்ச்சில் ஜோஹான்சென் என்பவரோடு கப்பலை விட்டு இறங்கி, நாய்களோடும் பனிச்சறுக்குக் கட்டையோடும் வடக்கே போனார். 86 டிகிரி 13 கலை. அதுவரை மனிதர் யாரும் அவ்வளவு வடக்கே போனதில்லை. அதற்கு மேல் முடியாது என்று தெரிந்ததும் வீம்பு பிடிக்காமல் திரும்பினார். கல்லாலும் வால்ரஸ் தோலாலும் குடிசை கட்டி ஒரு நீண்ட குளிர்காலத்தைக் கழித்து, 1896-இல் உயிரோடு வீடு சேர்ந்தார். கப்பலில் இருந்தவர்களும் பத்திரமாக வந்தார்கள்.

ஒரு துண்டுக் காகிதம்

சாகசத்தோடு இவர் கதை முடிந்திருந்தால், இந்தச் சுவரில் இவ்வளவு இடம் கொடுத்திருக்க மாட்டோம். முதல் உலகப் போர் முடிந்தும் லட்சக்கணக்கான போர்க்கைதிகள் வீடு திரும்ப முடியாமல் கிடந்தார்கள். 1920-இல் சர்வதேச சங்கம் அந்த வேலையை நான்செனிடம் கொடுத்தது. இரண்டே ஆண்டில் ஏறக்குறைய 4 லட்சத்து 28 ஆயிரம் பேரை ஊர் சேர்த்தார்.

அதைவிடக் கஷ்டம் ரஷ்ய அகதிகளுக்கு. 1921-இல் புதிய அரசு அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. திரும்பிப் போக முடியாது. பாஸ்போர்ட் இல்லாததால் வேறு நாட்டுக்கும் போக முடியாது, வேலையும் கிடைக்காது. 1922-இல் நான்சென் அவர்களுக்காக ஓர் அடையாளச் சான்றிதழ் கொண்டுவந்தார். அதற்கு நான்சென் பாஸ்போர்ட் என்றே பெயர் வந்தது. போகப்போக 50-க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றுக்கொண்டன. ஓவியர் சாகல், இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கி போன்றவர்களும் அதை வைத்திருந்தார்கள். ரஷ்யாவில் பஞ்சம் வந்தபோது அரசுகள் கைவிரித்தன. இவர் ஊர் ஊராகப் போய்ப் பேசி நிதி திரட்டினார். 1922-இல் கிடைத்த அமைதிக்கான நோபல் பரிசுப் பணத்தையும் நிவாரணத்துக்கே கொடுத்தார். 1930 மே 13-ஆம் தேதி காலமானார். அகதிகளுக்குப் பாடுபடுபவர்களுக்கு அவர் பெயரில் ஐ.நா. அமைப்பு 1954 முதல் விருது வழங்குகிறது.

நமக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து லட்சக்கணக்கான தமிழர்கள் உயிர் பிழைக்கத் தமிழ்நாடு வந்தார்கள். நம்ம விழுப்புரம் மாவட்டத்தில் கீழ்ப்புத்துப்பட்டில் அவர்களுக்கு முகாம் இருக்கிறது. 2021-இல் தமிழக அரசு இந்த முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. இங்கேயே பிறந்து, நம்மோடு அதே பாடத்தைப் படித்தும், குடியுரிமை கிடைக்காத பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்.

நான்சென் பனியில் திரும்பும் வழியைத் தானே அடைத்துக்கொண்டார், அது அவர் விருப்பம். அகதிகளுக்கு அந்த வழியை மற்றவர்கள் அடைத்தார்கள். பின்னால் போக வழியில்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் முன்னால் போக ஒரு காகிதத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

நண்பர்களே, நாம் பனியில் போக வேண்டாம். பாஸ்போர்ட் கொடுக்கவும் நம்மால் முடியாது. ஆனால் முகாமிலிருந்து வரும் நண்பன் பக்கத்து பெஞ்சில் இருந்தால், மதியச் சாப்பாட்டுக்கு அவனைக் கூப்பிட்டு நம்மோடு உட்கார வைக்கலாமே? அதை நாளைக்கே தொடங்கலாம்.