இருமுறை கணவரை இழந்த பேரரசி நூர்ஜஹான்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

   

நமது ஜமாஅத்தின் ஆண்டறிக்கை மலரில் வரவு செலவுக் கணக்குடன், முன் சென்றவர் ஒருவரின் வாழ்க்கை வரலாறும் இடம்பெறுவது பயன் தரும் என்று கருதுகிறோம். நபித்தோழர்களின் வரலாற்றையும் இறைநேசர்களின் வரலாற்றையும் ஜும்ஆ மேடையில் அடிக்கடி கூறி வருகிறோம். இம்முறை இறைநேசர் பட்டியலில் இடம்பெறாத ஒருவரை எடுத்துக் கொண்டுள்ளோம். அவர் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் துணைவி நூர்ஜஹான் பேகம்.

திருமழிசையில் வாழும் நமக்கும் ஆக்ராவின் அந்தப்புரத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். நம் ஊர் வழியாகப் பூந்தமல்லியிலிருந்து மேற்கே செல்லும் பாதையில் போனால் ஆர்க்காட்டை அடையலாம். அந்த ஆர்க்காட்டில் நவாபுகளின் ஆட்சி ஏற்பட்டது முகலாயப் பேரரசர் ஔரங்கஜேபின் காலத்தில். அந்த ஔரங்கஜேபின் தாயார் மும்தாஜ் மஹல், நூர்ஜஹானின் உடன்பிறந்த சகோதரரின் மகள். ஆயினும் இந்த உறவுமுறைக்காக நாம் இவ்வரலாற்றை எழுதவில்லை. முப்பது வயதில் கையில் ஒரு பெண் குழந்தையுடன் கணவரை இழந்த ஒரு பெண்மணியின் வரலாறு இது என்பதால்தான் எழுதுகிறோம். அத்தகைய பெண்கள் நம் மஹல்லாக்களிலும் இருக்கின்றனர்.

பிறப்பும் வளர்ப்பும்

பாரசீகத்தில் செல்வாக்குடன் வாழ்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் மிர்ஸா கியாஸ் பேக். தந்தையின் மறைவுக்குப் பின் குடும்பம் நொடிந்தது. பிழைப்புத் தேடி, கர்ப்பிணியான மனைவி அஸ்மத் பேகத்துடனும் பிள்ளைகளுடனும் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டார். வழியில் கொள்ளையர் கைப்பொருளைப் பறித்தனர். அந்த வறுமையில், 1577ஆம் ஆண்டு கந்தஹார் நகரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மிஹ்ருன்னிஸா எனப் பெயரிட்டனர். பெண்களுள் கதிரவன் என்பது இதன் பொருள்.

கியாஸ் பேக் அக்பரின் அரசவையில் பணியில் அமர்ந்து, தம் திறமையால் படிப்படியாக உயர்ந்தார். மகளுக்கு நல்ல கல்வி அளித்தார். பாரசீக இலக்கியத்திலும் கவிதையிலும் மிஹ்ருன்னிஸா தேர்ச்சி பெற்றார். நாட்டைவிட்டு அகதியாக வந்த ஒரு தந்தை, தம் மகளுக்கு நகையைச் சேர்ப்பதற்கு முன் அறிவைச் சேர்த்தார் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் அவரிடமிருந்த நகைகளும் பட்டங்களும் அவரைக் கைவிட்டன. கல்வி கைவிடவில்லை.

முதல் இழப்பு

1594ஆம் ஆண்டு, அலீ குலீ என்ற பாரசீக வீரருக்கும் மிஹ்ருன்னிஸாவுக்கும் நிக்காஹ் நடைபெற்றது. ஷேர் ஆஃப்கன் என்ற பட்டம் பெற்ற அவருக்கு வங்காளத்தின் பர்த்வானில் ஜாகீர் வழங்கப்பட்டது. இவர்களுக்கு லாட்லி பேகம் என்ற ஒரு மகள் பிறந்தார். 1607ஆம் ஆண்டு, வங்காள ஆளுநர் குத்புத்தீன் கானுக்கும் ஷேர் ஆஃப்கனுக்கும் ஏற்பட்ட மோதலில் ஆளுநரும் இறந்தார், ஷேர் ஆஃப்கனும் கொல்லப்பட்டார். பர்த்வானில் அவ்விருவரின் கபுருகளும் இன்றும் அருகருகே உள்ளன.

இந்த இடத்தில் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்துவது நம் கடமை. ஜஹாங்கீர் இளவரசராக இருந்தபோதே மிஹ்ருன்னிஸாவை விரும்பினார் என்றும், அவரை அடைவதற்காகவே கணவரைக் கொல்லச் செய்தார் என்றும் ஒரு கதை நாடகங்களிலும் திரைப்படங்களிலும் பரவியுள்ளது. அக்காலத்தவர் எவரும் இவ்வாறு எழுதி வைக்கவில்லை. 1615 முதல் 1619 வரை அரசவையில் தங்கி, அந்தப்புரத்துச் செய்திகளைக்கூட விடாமல் எழுதிய ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோவும் இதைக் குறிப்பிடவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து எழுதியவர்களே இதைக் கூறுகின்றனர். மேலும், கணவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே மறுமணம் நடந்தது. கணவரை இழந்த ஒரு பெண் மறுமணம் செய்தால், அதற்குப் பின்னால் ஏதோ ஒரு கதை இருக்க வேண்டும் என்று பேசுவது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒழுக்கமுள்ள பெண்கள் மீது சான்றில்லாமல் பழி சுமத்துவதை மார்க்கம் எவ்வளவு பெரிய குற்றமாகக் கருதுகிறது என்பதை நாம் அறிவோம்.

மறுமணமும் உயர்வும்

கணவரை இழந்த மிஹ்ருன்னிஸா மகளுடன் ஆக்ராவிற்கு வந்தார். அக்பரின் மூத்த துணைவியாரான ருகைய்யா சுல்தான் பேகம் அவரை அரவணைத்துத் தம் பணியில் வைத்துக் கொண்டார். அவரும் கணவரை இழந்தவரே. 1611ஆம் ஆண்டு நவ்ரோஸ் திருநாள் சமயத்தில் ஜஹாங்கீர் மிஹ்ருன்னிஸாவைக் கண்டார். அவ்வாண்டு மே மாதம் நிக்காஹ் நடைபெற்றது. அப்போது மணமகளின் வயது 34. முதலில் நூர் மஹல் என்றும், 1616ஆம் ஆண்டு முதல் நூர்ஜஹான் என்றும் பட்டம் பெற்றார். உலகின் ஒளி என்பது அதன் பொருள்.

முகலாய அரண்மனையின் அந்தப்புரத்தை நாம் முன்மாதிரியாகக் காட்டவில்லை. மார்க்கம் நான்கு என வரையறுத்து, நீதியை நிபந்தனையாக்கி வைத்திருக்க, அந்த அரசர்கள் எல்லை கடந்தனர் என்பது வரலாறு. ஆனால் அந்தக் கூட்டத்தினுள்ளே, மறுமணம் புரிந்து வந்த ஒரு பெண் தம் அறிவால் பேரரசையே தாங்கி நின்றார் என்பதும் வரலாறே.

அவரது முத்திரையுடன் ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன. அவரது பெயர் பொறித்த நாணயங்கள் அச்சிடப்பட்டன. முகலாய வரலாற்றில் வேறெந்தப் பேரரசிக்கும் கிடைக்காத சிறப்பு இது. சொந்தமாகக் கப்பல் வைத்து, சூரத் துறைமுகம் வழியாக வணிகம் செய்தார். பஞ்சாபில் வழிப்போக்கர்கள் தங்குவதற்காக அவர் கட்டிய நூர்மஹல் சராய் இன்றும் நிற்கிறது. காஷ்மீரின் ஸ்ரீநகரில் 1623ஆம் ஆண்டு முழுவதும் கல்லால் ஒரு பள்ளிவாசலைக் கட்டினார். பத்தர் மஸ்ஜித், அதாவது கல் பள்ளிவாசல் என்றே மக்கள் அதனை அழைக்கின்றனர்.

ஆதரவற்ற பெண் பிள்ளைகள் சுமார் 500 பேருக்கு அவர் தம் செலவில் திருமணம் செய்து வைத்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மணமக்களுக்கு 25 ரூபாய்க்குள் அடங்கும் எளிய திருமண ஆடையை அவர் அறிமுகப்படுத்தினார் என்றும், அது நூர்மஹலி என அழைக்கப்பட்டது என்றும் குறிப்பிடுகின்றனர். தங்க இழையும் முத்தும் அணியத் தக்கவர், ஏழைகளின் திருமணச் செலவைக் குறைப்பதைப் பற்றிச் சிந்தித்தார். கைக்கூலியும் ஆடம்பர மண்டபமும் கேட்டுப் பெண் வீட்டாரைக் கடனில் தள்ளுகின்ற நாம் வெட்கப்பட வேண்டிய செய்தி இது.

ஜஹாங்கீர் மதுவுக்கும் அபினுக்கும் அடிமையாக இருந்தார். இதனைத் தம் நினைவுக் குறிப்புகளில் அவரே ஒப்புக் கொள்கிறார். 1621ஆம் ஆண்டு அவர் கடுமையாக நோயுற்றபோது, மருத்துவர்கள் கைவிட்ட நிலையில், நூர்ஜஹானே பக்கத்திலிருந்து பணிவிடை செய்து, மதுவின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தார் என்றும் அவரே பதிவு செய்துள்ளார். குடியால் சீரழியும் கணவரைச் சகித்து, திருத்தப் பாடுபடும் சகோதரிகள் எத்தனையோ பேர். அவர்களது பாடு எந்த நினைவுக் குறிப்பிலும் இடம்பெறுவதில்லை. அல்லாஹ்வின் ஏட்டில் அது நிச்சயமாக இடம்பெறும்.

1626ஆம் ஆண்டு, காபூல் செல்லும் வழியில் ஜீலம் நதிக்கரையில் தளபதி மஹாபத் கான் பேரரசரைச் சிறைப்படுத்தினார். படையின் பெரும்பகுதி அக்கரையில் இருந்தது. நூர்ஜஹான் நதியைக் கடந்து சென்று, பாதுஷாவைக் காக்கத் தவறியதற்காகத் தம் சகோதரர் ஆஸஃப் கானையும் ஏனைய அமீர்களையும் கடிந்துரைத்தார். பின்னர் தாமே யானை மீதேறிப் படையுடன் ஆற்றில் இறங்கினார். அந்தத் தாக்குதல் தோற்றது. அப்போதும் தப்பி ஓடாமல், தாமாகவே சென்று கணவருடன் சிறையிருந்தார். சில மாதங்கள் பொறுமையுடன் திட்டமிட்டு, காபூலிலிருந்து திரும்பும் வழியில் அவரை விடுவித்தார்.

சறுக்கிய இடம்

இவ்வளவு சிறப்புகளைச் சொல்லிவிட்டு, குறையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அதிகாரம் தம் கையிலேயே நிலைக்க வேண்டும் என்ற ஆசை அவரை ஆட்கொண்டது. தொடக்கத்தில் இளவரசர் குர்ரம், அதாவது பிற்கால ஷாஜஹான், அவருக்கு வேண்டியவராக இருந்தார். 1612ஆம் ஆண்டு அண்ணன் மகள் மும்தாஜ் மஹலை மணந்தவர் அவரே. ஆனால் 1621ஆம் ஆண்டு தம் மகள் லாட்லி பேகத்தை ஜஹாங்கீரின் இளைய மகன் ஷஹ்ரியாருக்கு மணமுடித்து வைத்தபின், மருமகனை அரியணைக்கு உரியவராக்க முயன்றார். அவ்வாண்டில் தாயும், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தந்தையும் மறைந்தனர். நல்லது கெட்டது எடுத்துச் சொல்லப் பெரியவர்கள் இல்லாமல் போயினர்.

1622ஆம் ஆண்டு பாரசீகர் கந்தஹாரைத் தாக்கினர். அதை மீட்கச் செல்லுமாறு குர்ரமுக்கு ஆணை போயிற்று. தலைநகரை விட்டு விலகினால் தம் உரிமை பறிபோகும் என அஞ்சிய அவர் தயங்கினார், பின்னர் கலகம் செய்தார். தந்தையும் மகனும் போரிட்டனர். நூர்ஜஹான் பிறந்த ஊரான கந்தஹாரும் முகலாயர் கையை விட்டுப் போயிற்று. வாரிசு விஷயத்தில் ஒரு பிள்ளையை உயர்த்தி மற்றொரு பிள்ளையைத் தாழ்த்தினால் குடும்பம் என்னவாகும் என்பதற்கு இது சான்று. இரண்டரை சென்ட் மனைக்காக உடன்பிறந்தவர்கள் ஸலாம் சொல்லிக் கொள்ளாத வீடுகளையும் நாம் பார்த்திருக்கிறோம்.

இரண்டாம் இழப்பு

1627ஆம் ஆண்டு அக்டோபரில், காஷ்மீரிலிருந்து லாஹூர் திரும்பும் வழியில் ஜஹாங்கீர் மறைந்தார். ஐம்பது வயதில் நூர்ஜஹான் மீண்டும் கணவரை இழந்தார். அவரைக் காவலில் வைத்தவர் வேறு யாருமல்லர், சொந்தச் சகோதரர் ஆஸஃப் கானே. ஆஸஃப் கான் தம் மருமகன் ஷாஜஹானுக்காக நின்றார். ஷஹ்ரியார் தோற்கடிக்கப்பட்டு, கண்கள் குருடாக்கப்பட்டு, 1628ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொல்லப்பட்டார். தாயுடன் மகளும் விதவையானார்.

ஷாஜஹான் அவருக்கு ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாய் மானியம் வழங்கினார். அதன்பின் நூர்ஜஹான் அரசியலில் தலையிடவில்லை. லாஹூரில் மகளுடன் வெண்ணிற ஆடை அணிந்து, தான தர்மங்கள் செய்து, பதினெட்டு ஆண்டுகள் அமைதியாக வாழ்ந்தார். 1645ஆம் ஆண்டு டிசம்பரில், 68ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். லாஹூர் அருகே ஷாஹ்தராவில் கணவரின் அடக்கத்தலத்திற்கு அண்மையில் அவரது கபுரு உள்ளது. மகளும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். பிற்காலத்தில் அக்கட்டடத்தின் அழகிய கற்கள் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டன. ஆங்கிலேயர் போட்ட இரயில் பாதை, கணவரின் அடக்கத்தலத்தையும் மனைவியின் அடக்கத்தலத்தையும் இரண்டாகப் பிரித்து ஓடுகிறது. நாணயத்தில் பெயர் பொறித்தவரின் நிலை இது. ஆக்ராவில் தம் தந்தைக்காக அவர் எழுப்பிய வெண்பளிங்கு மாளிகையோ, தாஜ்மஹாலுக்கே முன்னோடி என்று இன்றும் போற்றப்படுகிறது.

நமக்குரிய பாடம்

ஜமாஅத்தார்களே! பர்த்வானிலிருந்து மகளுடன் வந்து நின்ற அந்தப் பெண்ணை, இனி உனக்கென்ன வாழ்க்கை என்று ஒரு மூலையில் அமர்த்தியிருந்தால், கல் பள்ளிவாசலும் இல்லை, சராயும் இல்லை, மணமுடித்து வைக்கப்பட்ட 500 பெண்களும் இல்லை.

கணவரை இழந்த பெண்ணுக்கு மார்க்கம் விதித்த இத்தா நான்கு மாதமும் பத்து நாட்களும்தான். அதற்குப் பின் அவள் தன் விஷயத்தில் முறைப்படி முடிவெடுக்கத் தடையில்லை. துணையற்றோருக்கு மணமுடித்து வைக்கும்படி சூரத்துந் நூர் சமுதாயத்தையே பணிக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் துணைவியருள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைத் தவிர ஏனையோர் முன்னரே மணமானவர்கள். இவையனைத்தையும் மேடையில் பேசுகிறோம். ஆனால் இமாமத் பணியில் பல ஆண்டுகளாக நிக்காஹ் தஃப்தரைக் கையில் வைத்திருக்கும் நமக்கு உண்மை நிலை தெரியும். மனைவியை இழந்த ஆண் ஆண்டு திரும்புவதற்குள் மணமகனாகிறான். கணவனை இழந்த பெண்ணின் பெயரோ அப்பதிவேட்டில் மறுபடி எழுதப்படுவது மிக அரிது. மறுமணம் வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் அது அவள் உரிமை. அவளிடம் யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் நம் குறை. பிள்ளைகள் இருக்கிறார்களே, ஊர் என்ன சொல்லும் என்று நாமே பதில் சொல்லிவிடுகிறோம். அந்த ஊர் வேறு யாரும் அல்ல, நாம்தான்.

ஆகவே ஜமாஅத் நிர்வாகத்தின் முன் இரு வேண்டுகோள்களை வைக்கிறோம். ரமளானில் உதவித்தொகை வழங்கும்போது மட்டும் எடுக்கப்படும் விதவையர் பட்டியலை, அவர்களின் மறுவாழ்வுக்கும் பயன்படுத்த வேண்டும். வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் பேசி, அப்பெண்களின் விருப்பத்தைக் கேட்டறிய வேண்டும். அடுத்து, மேற்படிப்போ தொழிற்பயிற்சியோ விரும்பும் சகோதரிகளுக்கு பைத்துல்மாலிலிருந்து உதவ வேண்டும். பேரரசியாக்க நம்மால் இயலாது. தன் காலில் நிற்கச் செய்ய இயலும்.

நூர்ஜஹான் பேகத்தின் பிழைகளை அல்லாஹ் மன்னிப்பானாக! அவரது நற்செயல்களை ஏற்றுக் கொள்வானாக! துணையிழந்த நம் சகோதரிகளின் கண்ணீரைத் துடைக்கும் நற்பேற்றை நமக்கும் நம் ஜமாஅத்திற்கும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.