தறிக்குடியில் பிறந்த ஆசிரியர்

பெரிய காஞ்சிபுரத்து வீதிகளில் தறியோசை கேட்குந்தோறும், 1909 செப்டம்பர் 15ஆம் நாள் காஞ்சியில் நெசவாளர் குடியில் தோன்றிய பேரறிஞர் அண்ணா அவர்களை நாம் நினைவுகூர்கின்றோம். நகராட்சியில் எழுத்தராக இருந்தவர், பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் பயின்றார். பள்ளியில் ஆங்கில ஆசிரியராக அவர் பணியாற்றியது சில காலமே. ஆயினும், கூட்டத்தை வகுப்பாக எண்ணி விளக்கியுரைக்கும் வழக்கம் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை என்பது நம் துணிபு. சென்னைத் தொழிலாளரிடையே சங்கப் பணியும் ஆற்றினார். 1953இல் கைத்தறித் துணி விலைபோகாமல் தேங்கி, நெசவாளர் பட்டினியால் வாடியபோது, துணியைத் தோளில் சுமந்து திருச்சி வீதிகளில் கூவி விற்றார். 1957இல் அவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பிய காஞ்சியே 1962இல் தோற்கடித்தது. ஊர்ப்பெருமை பேசும் நாம் அதனை மறைத்தல் ஆகாது. 1967இல் முதலமைச்சரானார், 1969 பிப்ரவரி 3ஆம் நாள், அப்பொறுப்பிலிருக்கும்போதே, புற்றுநோயால் மறைந்தார்.