மெழுகுதிரிக்கு ஒரு பெட்டி: கார்ல் டுங்கரின் கதை

2009 இல் வன்னியில் அம்மா தன் கூறைச்சேலையை வெட்டி மண்மூட்டை தைத்தார். எங்கள் பதுங்குகுழிக்கு அணை அதுதான். உடுக்கும் சேலை அணையாகும் என்ற யோசனை ஒருவருக்கு எப்படி வருகிறது? இந்தக் கேள்விதான் என்னைக் கார்ல் டுங்கரிடம் கொண்டுபோனது.

உளவியல் படித்தவர்களுக்கு நன்கு தெரிந்த பெயர் அது. 1903 இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தவர். தாயும் தந்தையும் பெயர்பெற்ற கம்யூனிஸ்டுகள். பெர்லினில் ஆய்வு செய்த டுங்கர், விடை சரியா பிழையா என்று பார்ப்பதோடு நிற்கவில்லை. ஒரு சிக்கலைக் கொடுத்து, மனதில் ஓடுவதையெல்லாம் ஓடும்போதே வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். உன் மனதை நீயே ஆராய்ந்து பார் என்று அவர் கேட்கவில்லை. கவனம் வேலையில் இருக்க, வாய் கூடவே பேசினால் போதும். சரிவராத யோசனைகளும் அவருக்குத் தேவைப்பட்டன.

ஒரு சோதனையில், மூன்று சிறு மெழுகுதிரிகளைக் கதவில் கண்மட்டத்தில் நிறுத்தவேண்டும். மேசையில் சிறு ஆணிகள், அட்டைப்பெட்டிகள், வேறும் சில பொருட்கள். பெட்டிகள் வெறுமையாக இருந்தபோது, 7 பேரும் அவற்றைக் கதவில் அடித்துத் தட்டாக்கினார்கள். பெட்டிகளை நிரப்பி வைத்தபோது, 7 பேரில் 3 பேருக்கே அது தோன்றியது. பொருள் போடும் பெட்டி என்று கண்டபின், மனம் அதை வேறொன்றாகப் பார்க்க மறுக்கிறது.

1933 இல் தந்தையை நாஜிகள் கைதுசெய்தார்கள். 1935 இல் டுங்கரின் முக்கிய நூல் வெளிவந்தது. பல்கலைக்கழகத்திலோ அவருக்கு இடமில்லாமல் போனது. இங்கிலாந்து, பிறகு அமெரிக்கா. மனச்சோர்வு விடவில்லை. 1940 இல், 37 வயதில், தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். தம்பி வொல்ஃப்காங் 1942 இல் சோவியத் தடுப்புமுகாமில் இறந்தார். எத்தனையோ பேரை வாய்விட்டு யோசிக்க வைத்தவர், அந்தக் கடைசி நாட்களில் என்ன யோசித்தார் என்று நினைத்தால் எனக்கு வாசிப்பு தடைப்பட்டுவிடும்.

அவரது முறை நிலைத்தது. சைக்கிளில் முதுகுப்பை ஏற்றும் கரியர் ஒன்றை வடிவமைக்கச் சொல்லி, வடிவமைப்பாளர்களின் பேச்சை ஒளிப்பதிவு செய்தார்கள்; 1994 இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் கூடிய பல நாட்டு ஆய்வாளர்கள் அதை அலசினார்கள். வீட்டையே கரியரில் கட்டிக்கொண்டு நடந்த எங்களுக்கு அது கொஞ்சம் சிரிப்புத்தான்.

அண்மையில் அம்மாவிடம் சேலையைப் பற்றிக் கேட்டேன். முதலில் தலையணை உறையில் மண் போட்டாராம், காணவில்லை. பிறகு உரப்பை தேடினாராம், கிடைக்கவில்லை. இத்தனை வருடத்தில் அவர் இதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.