நானூக்கைப் படம் பிடித்தவர்

திரைப்படம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது கதாநாயகனும் கதாநாயகியும் பாட்டும் சண்டையும்தான். ஆனால் பெயர்பெற்ற நடிகர்கள் இல்லாமல், எங்கோ ஒரு மூலையில் வாழும் மக்களின் அன்றாட வாழ்க்கையையே படமாக எடுப்பதும் உண்டு. அவற்றை ஆவணப்படங்கள் என்கிறோம். இவ்வகைப் படங்களுக்குத் தந்தை என்று உலகம் போற்றுபவர் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி. அவருடைய வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு வியப்பும் உண்டாயிற்று, மனவருத்தமும் உண்டாயிற்று. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அயர்ன் மவுண்டன் என்ற சுரங்க ஊரில் 1884-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை அயர்லாந்து வழிவந்த சுரங்கப் பொறியாளர். தாய் ஜெர்மானிய வழிவந்த கத்தோலிக்கப் பெண்மணி. சிறுவயதிலேயே தந்தையோடு கனடா நாட்டுச் சுரங்க முகாம்களில் சுற்றித் திரிந்ததால், அவருடைய மனம் பள்ளிக்கூடத்தில் நிலைக்கவில்லை. சுரங்கக் கல்லூரி ஒன்றில் சேர்த்தார்கள். அங்கிருந்தும் சில மாதங்களில் வெளியேற்றப்பட்டார். (இதைப் படித்துவிட்டு யாரும் தைரியம் கொள்ள வேண்டாம்!) அந்தக் கல்லூரி நாட்களில் அறிமுகமான பிரான்சஸ் ஹப்பர்ட் என்னும் பெண்ணை 1914-இல் மணந்தார். பிற்காலத்தில் அவருடைய படங்களுக்கெல்லாம் அந்த அம்மையார் பெருந்துணையாக நின்றார்.

1910-ஆம் ஆண்டில் சர் வில்லியம் மெக்கென்சி என்ற கனடா நாட்டு ரயில்வே செல்வந்தர், இரும்புத்தாது இருக்கிறதா என்று தேடிப் பார்க்க அவரை வடக்கே ஹட்சன் விரிகுடாவுக்கு அனுப்பினார். நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் பனிவெளியைக் கடந்து சென்றார். வழிகாட்டி, உணவளித்து, அவர் உயிரைக் காத்தவர்கள் அங்கு வாழும் இனுயிட் மக்கள். எஸ்கிமோக்கள் என்று நாம் பழைய பாடப்புத்தகங்களில் படித்தது இவர்களைத்தான். அந்தப் பெயரை அவர்களில் பலர் விரும்புவதில்லை. அப்பயணங்களில் அவர் ஆராய்ந்த பெல்ச்சர் தீவுகளில் மிகப் பெரியதற்கு இன்றும் ஃபிளாஹர்ட்டி தீவு என்றே பெயர்.

1913-இல் மறுபடியும் புறப்பட்டபோது, ஒரு திரைப்படக் கருவியையும் எடுத்துச் செல்லுமாறு மெக்கென்சி யோசனை கூறினார். ராச்செஸ்டர் நகரில் மூன்றே வாரம் பயிற்சி பெற்று, கருவியோடு கிளம்பினார் ஃபிளாஹர்ட்டி. இரும்பைத் தேடப் போனவருக்கு அதன்பின் இரும்பில் நாட்டமில்லை. பல ஆயிரம் அடி நீளத்துக்குப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார். 1916-இல் டொரண்டோ நகரில் அதை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த சிகரெட் தவறி விழுந்தது. அந்தக் காலத்துப் படச்சுருள் வெடிமருந்தைப் போல் எரியக்கூடியது. முப்பதாயிரம் அடிச் சுருள் நொடியில் சாம்பலாயிற்று, அவரும் தீக்காயமடைந்தார். ஒரு பிரதி மட்டும் மிஞ்சியிருந்தது. அதைச் சிலருக்குப் போட்டுக் காட்டியபோதுதான் படம் சுவையற்றது என்று அவருக்கே விளங்கிற்று. ஊர் ஊராகக் காட்டுவதைவிட, ஒரே ஒரு குடும்பத்தைத் தொடர்ந்து காட்டினால் என்ன என்ற எண்ணம் அப்போது பிறந்தது.

ரெவில்லான் என்ற பிரெஞ்சுத் தோல் வணிக நிறுவனம் பணம் கொடுத்தது. 1920-இல் கியூபெக் மாகாணத்தின் வடகோடியிலுள்ள இனுக்ஜுவாக் என்ற இடத்துக்குச் சென்று ஓராண்டு தங்கினார். அல்லக்கரியால்லக் என்ற வேட்டைக்காரரைத் தேர்ந்தெடுத்து, பனிக்கரடி என்று பொருள்படும் நானூக் என்ற பெயரைப் படத்தில் அவருக்குச் சூட்டினார். எடுத்த படத்தை அங்கேயே கழுவினார்கள். அதற்குத் தண்ணீர் வேண்டுமே! உறைந்த பனிக்கட்டியில் துளை போட்டு, பீப்பாய்களில் நிரப்பி, வண்டியில் இழுத்து வந்தவர்கள் அந்த மக்கள்தாம். கழுவிய படத்தை உடனே அவர்களுக்கே திரையிட்டும் காட்டினார். கடற்பசு போன்ற வால்ரஸ் விலங்கை வேட்டையாடும் காட்சி வந்தபோது, திரையிலிருப்பது நிழல் என்பதை மறந்து, விடாதே, பிடி என்று அவர்கள் கூச்சலிட்டார்களாம். பனிவீட்டின் உள்ளே வெளிச்சம் போதாததால், ஒரு பக்கச் சுவரே இல்லாத பெரிய பனிவீடு ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். நானூக் குடும்பம் உள்ளே படுத்து உறங்குவதாக நாம் காணும் காட்சி, உண்மையில் கொட்டும் குளிரில் திறந்தவெளியில் எடுக்கப்பட்டது.

‘வடதிசை நானூக்’ என்ற அந்த மௌனப் படம் 1922 ஜூன் மாதம் நியூயார்க்கில் வெளியாயிற்று. முதலில் வாங்க மறுத்த நிறுவனங்களெல்லாம் வெட்கப்படும்படி உலகமெங்கும் ஓடியது.

அதில் ஒரு காட்சி. வணிகர் ஒருவர் கிராமபோன் பெட்டியை இயக்கிக் காட்ட, நானூக் வியந்து, இசைத்தட்டை எடுத்து வாயில் வைத்துக் கடித்துப் பார்க்கிறார். நானும் பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அந்த வேட்டைக்காரருக்குக் கிராமபோன் இன்னதென்று நன்றாகத் தெரியும். தெரியாதவர் போல் நடித்தார் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அப்போது என் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. அம்மக்களிடம் துப்பாக்கிகளும் இருந்தன. பழங்காலத்து ஈட்டிகளையே எடுக்கச் சொன்னவர் ஃபிளாஹர்ட்டி. நானூக்கின் மனைவியாக வருபவரும் அவருடைய மனைவியல்லர். படம் வெளியாகிச் சிறிது காலத்தில் அல்லக்கரியால்லக் இறந்துபோனார். வேட்டைக்குப் போன இடத்தில் பட்டினியால் மாண்டார் என்று ஃபிளாஹர்ட்டி கூறிவந்தார். நோயுற்று வீட்டில் இறந்தார் என்றே ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

அழிந்துகொண்டிருந்த பழைய வாழ்க்கையை அப்படியே காத்துவைக்க விரும்பினார், அதனால்தான் இப்படிச் செய்தார் என்று அவருக்காகப் பேசுகிறவர்கள் சொல்வார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பனிவீடு கட்டும் காட்சியைப் பார்க்கிற எவருக்கும் அந்தக் கைகளின் திறமையில் மதிப்பு உண்டாகும். ஆயினும் அதைப் பார்ப்பவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து பசிபிக் கடலிலுள்ள சமோவா தீவுக்குக் குடும்பத்தோடு சென்று ‘மோனா’ எடுத்தார். மேல்நாட்டு உடைக்கு மாறிவிட்டிருந்த மக்களை மீண்டும் பழைய மரவுரி ஆடையை உடுத்தச் செய்தார். 1926-இல் ஜான் கிரியர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அந்தப் படத்தைப் பற்றி நியூயார்க் பத்திரிகை ஒன்றில் எழுதும்போதுதான் டாக்குமெண்டரி என்ற சொல் படங்களுக்கு வழங்கலாயிற்று.

1934-இல் வந்தது ‘ஆரன் மனிதன்’. அயர்லாந்தின் மேற்கே அட்லாண்டிக் கடலில் நிற்கும் ஆரன் தீவுகளில் எங்கும் வெறும் பாறை. கடற்பாசியையும் மணலையும் கூடையில் சுமந்து வந்து பாறைமேல் பரப்பி, மண் உண்டாக்கி, அதில் உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள் அம்மக்கள். அந்தத் தாயின் முதுகில் கூடை அழுத்துவதைப் பார்த்தால் கண் கலங்கும். ஆனால் பெருஞ்சுறா வேட்டையை அத்தீவினர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே விட்டுவிட்டிருந்தனர். படத்துக்காக அதை மறுபடியும் கற்க வேண்டியதாயிற்று. நீந்தத் தெரியாத மீனவர்களைப் புயற்கடலில் சிறு தோணியில் போகச் செய்தது தம்முடைய பெருந்தவறு என்று பின்னாளில் ஃபிளாஹர்ட்டியே வருந்தினார். அம்மக்களின் கத்தோலிக்க விசுவாசத்துக்கும், அவர்களை வாட்டிய நிலவுடைமைக் கொடுமைக்கும் படத்தில் ஏறக்குறைய இடமே இல்லை.

நமக்கு அருகிலும் அவர் வந்திருக்கிறார். ‘யானைச் சிறுவன்’ படத்துக்காக மைசூர் சமஸ்தானத்தில் பல மாதங்கள் தங்கினார். மகாராஜாவின் யானைக் கொட்டாரத்தில் பாகன் மகனாகிய சாபு என்ற அனாதைச் சிறுவனைக் கண்டெடுத்துக் கதாநாயகனாக்கினார். படத்தின் மீதிப் பகுதியை வேறொருவர் லண்டனில் எடுத்து முடித்தார். 1937-இல் படம் வெளிவந்ததும் சாபு உலகப் புகழ் பெற்றான். பிறகு ஹாலிவுட் நடிகனாகி, 1963-இல் 39 வயதில் இறந்தான்.

நான் மிகவும் மதிப்பது அதிகம் பேர் அறியாத ‘நிலம்’ என்ற படத்தைத்தான். அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறைக்காக எடுத்தது. மண் அரித்துப்போய், பிழைப்புத் தேடி ஊர் ஊராக அலையும் கூலிக் குடும்பங்களைக் கண்டு அவர் அதிர்ந்துபோனார். இங்கே பழைய ஈட்டியும் இல்லை, மரவுரியும் இல்லை. தூங்குகின்ற சிறுவன் ஒருவனின் கைகள் அசைந்துகொண்டே இருக்கின்றன. உறக்கத்திலும் பட்டாணி பறிக்கிறான். படம் 1942-இல் முடிந்தபோது அமெரிக்கா போரில் இறங்கியிருந்தது. அதனால் படத்தைப் பரவலாகத் திரையிடவில்லை. 1948-இல் ‘லூசியானா கதை’ என்ற படத்தையும் எடுத்த அவர், 1951 ஜூலை 23-ஆம் நாள் வெர்மாண்ட் மாநிலத்தில் தம் பண்ணை வீட்டில் காலமானார்.

இனி, வருத்தம் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். நானூக்கின் மனைவியாக நடித்த பெண்ணுக்கு, ஃபிளாஹர்ட்டி ஊர் திரும்பிச் சில மாதங்களில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அவருடைய குழந்தைதான். ஜோசபி என்று பெயர். உலகமெல்லாம் சுற்றியவர் அந்த ஊருக்கு மட்டும் மறுபடியும் போகவில்லை. மகனைத் தம் மகன் என்று சொல்லவுமில்லை. 1953-இல் கனடா அரசு இனுக்ஜுவாக் மக்களில் சில குடும்பங்களை, வேட்டை நன்றாகக் கிடைக்கும் என்று சொல்லி, ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய் விட்டது. மாதக்கணக்கில் சூரியனே தோன்றாத இடம். முதற்குளிர்காலத்தைக் கூடாரங்களில் கழித்தார்கள். 1955-இல் ஜோசபியும் மனைவி மக்களோடு அங்கே சென்றார். திரும்ப அழைத்துவருவோம் என்று கொடுத்த வாக்கு காப்பாற்றப்படவில்லை. தந்தை எடுத்த படம் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தபோது, மகன் அந்தப் பனியில் வேட்டையாடித் தம் குழந்தைகளை வளர்த்தார்.

கனடா அரசு அந்தக் குடும்பங்களிடம் 2010-இல் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. ஜோசபி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார்.