தமிழை இணையத்தில் ஏற்றிய ஆசிரியர் நா. கோவிந்தசாமி

கணினியோ கைப்பேசியோ இல்லாத வீட்டை இன்று காண்பது அரிது. ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களை விட்டு வெளியேறி, சிம்பாங் பூலாய் போன்ற இடங்களில் குடியேறிய குடும்பங்களிலும் இதே நிலைதான். பால்மரம் சீவிய கைகளைக் கொண்ட பாட்டிகூட இன்று புலனத்தில் பேரப்பிள்ளைக்குக் காலை வணக்கம் அனுப்புகிறார். அந்த வணக்கம் தமிழ் எழுத்திலேயே போய்ச் சேர்வது நமக்கு இயல்பானதாகத் தோன்றுகிறது. ஆனால், 30 ஆண்டுகளுக்கு முன்பு இது எளிதில் நடக்கக்கூடிய ஒன்றாக இருக்கவில்லை. இந்த வசதிக்குப் பின்னால் பலரின் உழைப்பு உள்ளது. அவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் சிங்கப்பூரைச் சேர்ந்த தமிழாசிரியர் நா. கோவிந்தசாமி. நமது அண்டை நாட்டில் வாழ்ந்த இவரைப் பற்றி நம் மாணவர்கள் அறிந்திருப்பது மிகக் குறைவே.

நா. கோவிந்தசாமி 1946ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் பிறந்தார். கணினித் துறையினர் அவரைத் தம்மவராகக் கொண்டாடுவதற்கு முன்பே இலக்கிய உலகம் அவரைச் சிறுகதை எழுத்தாளராக அறிந்திருந்தது. 1970களின் பிற்பகுதியில் 'இலக்கியக் களம்' என்னும் அமைப்பை உருவாக்கி, நாளிதழ்களில் வெளிவந்த சிறுகதைகளை ஆராய்ந்து பேசும் வழக்கத்தை வளர்த்தார். கதை எழுதினால் மட்டும் போதாது, அதைப் படித்து நிறைகுறைகளை எடுத்துச் சொல்வதற்கும் ஆள் வேண்டும் என்பது அவரது எண்ணம். 1994ஆம் ஆண்டு தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது அவருக்குக் கிடைத்தது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்து, தமிழாசிரியர்களாகப் போகும் இளைஞர்களுக்குக் கற்பித்தார். இலக்கியத்திலும் கல்வியிலும் ஊறிய ஒருவர் ஏன் கணினியின் பக்கம் திரும்பினார்? இதைப் புரிந்துகொள்ள, அக்காலத்தில் கணினியில் தமிழ் பட்ட பாட்டை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைத்தால், அந்த எண்ணைப் பார்த்து எழுத்தைத் திரையில் காட்டும். அன்றைய முறையில் மொத்தம் 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் குறியீடுகளுக்கும் போய்விட்டன. தமிழிலோ 247 எழுத்துகள். எனவே, எழுத்துருவை உருவாக்கிய ஒவ்வொருவரும் தமக்கு வசதியான இடங்களில் தமிழ் எழுத்துகளைத் திணித்தனர். ஒருவர் 'க' வைத்த இடத்தில் இன்னொருவர் 'று' வைத்திருப்பார். இதன் விளைவு என்ன? ஒரு வீட்டுக் கணினியில் தட்டிய கடிதத்தை, அதே எழுத்துரு இல்லாத மற்றொரு வீட்டில் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் புள்ளியும் கோடும் புரியாத குறிகளும்தான் வரும். விசைப்பலகையும் அப்படித்தான். ஒரு மென்பொருளில் பழகிய விரல் இன்னொன்றில் தடுமாறும்.

இந்தத் தொல்லையை என் தலைமுறையும் ஓரளவு கண்டிருக்கிறது. தமிழ்ப்பள்ளியை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு, பள்ளி நேரம் முடிந்து நடக்கும் வகுப்பில்தான் தமிழ் படித்தோம். பயிற்சிக்காகக் கிடைத்த பழைய கேள்வித்தாள் கோப்பு ஒன்றை நகலெடுக்கும் கடையில் திறந்தபோது, பக்கம் முழுவதும் பொருளில்லாத குறிகளாக இருந்தது. பக்கத்தில் நின்ற மலாய் நண்பனின் கோப்போ உடனே அச்சாகி வந்தது. சிறிய நிகழ்வுதான். ஆனால், தன் மொழி மட்டும் கருவிக்குள் நுழைய முடியாமல் வாசலில் நிற்கிறது என்ற எண்ணம் பதின்ம வயதுப் பிள்ளையின் மனத்தில் விழுந்தால், அவன் மெல்ல மெல்ல வேறு மொழிக்கு மாறிவிடுவான். ஆசிரியர்களை உருவாக்கும் பணியில் இருந்த கோவிந்தசாமிக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட முன்னதாகவே புலப்பட்டது எனலாம்.

அவர் கணினியில் தமிழுக்கு ஒரு முறையை உருவாக்கி, அதற்குக் 'கணியன்' என்று பெயரிட்டார். கணி என்னும் வேர்ச்சொல்லையும், சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரையும் ஒருங்கே நினைவூட்டும் பெயர் அது. இதன் விசைப்பலகை தமிழ் இலக்கணத்தை ஒட்டியது. தட்டச்சுப்பொறியின் வடிவத்தைப் பின்பற்றிய விசைப்பலகைகளில் கொம்பு, கால், விசிறி எனத் துண்டு துண்டாகத் தட்ட வேண்டும். ஒலியை அடிப்படையாகக் கொண்ட முறையிலோ உயிரையும் மெய்யையும் தட்டினால் போதும். உயிர்மெய்யைக் கணினியே சேர்த்துக் காட்டும். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் படித்த பாடமே தட்டச்சுக்கும் வழிகாட்டியாகிறது.

1995ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தமிழ் இணைய வரலாற்றில் மறக்க முடியாதது. சிங்கப்பூர்க் கவிதைகளை அந்நாட்டின் 4 அதிகாரத்துவ மொழிகளிலும் தாங்கிய இணையப்பக்கத்தை அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கி வைத்தார். உலகளாவிய வலையில் தமிழ் எழுத்து இடம்பெற்ற மிகத் தொடக்க காலப் பக்கங்களுள் இதுவும் ஒன்று. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ இந்த முயற்சியில் அவருக்குத் துணை நின்றார். அறிவியலாளரான ஒரு சீனரும் எழுத்தாளரான ஒரு தமிழரும் கைகோத்துத் தமிழை வலையில் ஏற்றியது பல்லின நாட்டில் வாழும் நமக்கும் பெருமை தரும் செய்தியாகும்.

தனி ஒருவரின் மென்பொருளால் மட்டும் சிக்கல் தீராது. எல்லோரும் ஒரே முறைக்கு வந்தால்தான் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க முடியும். இதற்காக 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. அதற்கு முன்னின்று உழைத்தவர்களுள் கோவிந்தசாமியும் ஒருவர். பல நாடுகளில் தனித்தனியே பாடுபட்டுக்கொண்டிருந்த தமிழ்க் கணிமையர் அங்கே ஒன்றுகூடினர். அடுத்த மாநாடு 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்றது. பொதுவான எழுத்துக் குறியீடுகளும், 'தமிழ் 99' என்னும் விசைப்பலகையும் அதில் பரிந்துரைக்கப்பட்டன. உயிரெழுத்துகளை இடப்பக்கமும் மெய்யெழுத்துகளை வலப்பக்கமும் கொண்ட அந்த விசைப்பலகையும் ஒலி அடிப்படையில் அமைந்ததே.

அந்த மாநாடு முடிந்து 4 மாதங்கள்கூட ஆகவில்லை. 1999ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் கோவிந்தசாமி தமது 53ஆம் வயதில் காலமானார். விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை. 2000ஆம் ஆண்டு சிங்கப்பூரில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது. 2001ஆம் ஆண்டு தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூருக்கே வந்தது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கிய முத்து நெடுமாறன், 2005ஆம் ஆண்டு பொங்கலன்று செல்லினத்தின் வழி கைப்பேசிக்கும் தமிழைக் கொண்டு சென்றார். உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி முறை பரவியதும், எழுத்துருக் குழப்பம் பெருமளவு தீர்ந்தது.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருங்குறி வந்த பிறகு அந்தக் காலத்துக் குறியீடுகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கோவிந்தசாமி இரவு பகலாக உழைத்துச் செய்த கணியனை இன்று நம்முள் எவரும் பயன்படுத்துவதில்லை. அப்படியென்றால் அவரது உழைப்பு வீணா? இல்லை. கணினித் தொழில்நுட்பத்தில் எந்தக் கருவியும் நெடுநாள் நிலைப்பதில்லை. அது திறந்துவிட்ட வழிதான் நிலைக்கும். மேலும், அவர் நமக்கு ஒரு சொல்லை விட்டுச் சென்றிருக்கிறார். நாம் அன்றாடம் பயன்படுத்தும் 'இணையம்' என்னும் சொல்லை ஆக்கித் தந்தவர் அவரே எனத் தமிழ்க் கணிமையர் பலரும் கூறுவர். மென்பொருள் பழையதாகிவிட்டது, சொல்லோ தேய்மானமின்றி உலகத் தமிழர் நாவில் வாழ்கிறது.

அன்பு மாணவ நண்பர்களே! கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்க இன்று ஒரு நிமிடம் போதும். பணம் கட்ட வேண்டியதில்லை; எழுத்துருவைத் தேடி அலைய வேண்டியதில்லை. இருந்தும் நம் புலனக் குழுக்களில் பாதிக்கு மேற்பட்ட தமிழ், ஆங்கில எழுத்துகளில்தான் ஓடுகிறது. அவசரத்தில் அப்படித் தட்டுவது பெருங்குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், வாசலில் நின்ற தமிழைப் பாடுபட்டு வீட்டுக்குள் அழைத்து வந்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குள் வந்த பிறகும் அதை நாம் நிற்க வைத்துக்கொண்டிருப்பது முறையா? முன்பு கருவி நம்மைத் தடுத்தது. இப்போது தடுப்பது நம் சோம்பல் மட்டுமே. நா. கோவிந்தசாமிக்கு விழா எடுப்பது இருக்கட்டும். இந்த வாரம் வீட்டுக்கு அனுப்பும் செய்தியையாவது தமிழ் எழுத்தில் தட்டி அனுப்புவோம். அதைப் படிக்க வீட்டில் அம்மாவும் பாட்டியும் காத்திருக்கிறார்கள்.