ஜக்கார்டு என்ற மனிதர்

எங்கள் வீட்டுத் தறியின் தலைமேல் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து நூற்றுக்கணக்கான நூல்கள் மழைக்கால்போல் இறங்கிப் பாவு இழைகளைப் பிடித்துக்கொள்கின்றன. பக்கத்தில் துளையிட்ட அட்டைகள் மாலையாகக் கோக்கப்பட்டுத் தொங்குகின்றன. அப்பா ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் பெட்டி கடக்கென்று ஒலிக்கும். ஓர் அட்டை திரும்பும். அந்தப் பெட்டிக்கு ஜக்கார்டு என்று பெயர். அது ஒரு பொருளின் பெயர் என்றே கல்லூரிக்கு வரும்வரை நான் எண்ணியிருந்தேன். காஞ்சிபுரத்து நெசவாளர் தெருவில் பிறந்த பலரும் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள்.

சென்ற ஆண்டு ஐரோப்பிய வரலாற்று வகுப்பில் பேராசிரியர் தொழிற்புரட்சியை நடத்திக்கொண்டிருந்தார். ஜக்கார்டு என்பது ஒரு மனிதரின் பெயர் என்றும், அவரும் ஒரு பட்டு நெசவாளியின் பிள்ளை என்றும் அன்று சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் இத்தனை காலம் குடியிருந்தவரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று நூலகத்தில் தேடத் தொடங்கினேன். தேடிக் கிடைத்ததைத்தான் மாணவத் தோழர்கள் முன் வைக்கிறேன்.

ஜோசப் மரி ஜக்கார்டு 1752 ஆம் ஆண்டு ஜூலை 7 ஆம் நாள் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பிறந்தார். (பிரெஞ்சுக்காரர்கள் ஜக்கார் என்றே உச்சரிப்பார்கள். நம் தெருவுக்கு வந்தபோது ஒரு டு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதை நான் பிரிக்கப்போவதில்லை.) ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் உள்ள லியோன், 16 ஆம் நூற்றாண்டு முதலே பட்டுக்குப் பெயர் போன ஊர். தந்தையார் சொந்தத் தறிகள் வைத்திருந்த தலைமை நெசவாளர். ஒன்பது குழந்தைகள் பிறந்த அந்த வீட்டில் பெரியவர்களாக வளர்ந்தவர்கள் ஜோசப்பும் ஒரு சகோதரியும் மட்டுமே. பதின்மூன்று வயது வரை ஜோசப்புக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அச்சுத் தொழிலும் புத்தக விற்பனையும் செய்துவந்த மைத்துனர்தான் எழுத்தறிவித்தார்.

அக்காலத்துப் பூவேலைத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நாடாவை எறிந்து நெய்வார். மற்றொருவர், பெரும்பாலும் சிறுவர் அல்லது சிறுமியர், தறியின் பக்கத்தில் நின்றும் குந்தியும் கயிறுகளை இழுப்பார்கள். எந்த இழை மேலே எழும்ப வேண்டுமோ அந்த இழைக்குரிய கயிற்றுக் கட்டை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். ஓர் ஊடை ஓடியதும் விட்டு அடுத்த கட்டை இழுக்க வேண்டும். நுட்பமான பூவேலையில் ஒரு நாள் முழுதும் உழைத்தாலும் சில அங்குலமே தேறும். பாரமான அந்தக் கயிறுகளை இழுத்து இழுத்துக் குழந்தைகளின் உடம்பு கோணிப்போகும். ஜோசப்பும் இளமையில் இந்த வேலையைச் செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இதைப் படித்தபோது எனக்கு என் தாத்தாவின் நினைவு வந்தது. ஜக்கார்டு பெட்டி எங்கள் வீட்டுக்கு வருமுன் அடை போட்டு நெய்த காலத்தில், தம் தந்தையின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இழைகளைத் தூக்கிக் கொடுத்தவர் தாத்தா. அப்போது அவருக்குப் பத்து வயது. கடல் கடந்து, இரண்டு நூற்றாண்டு கடந்து, அதே வயதுப் பையன், அதே வேலை.

ஜக்கார்டின் நடு வயதுக் கதை இழப்புக் கதை. 1772 இல் தந்தையார் இறந்தபோது வீடும் தறிகளும் ஒரு திராட்சைத் தோட்டமும் கல் குவாரியும் அவருக்கு வந்து சேர்ந்தன. 1778 இல் கிளாதீன் என்ற கைம்பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டு ஒரு மகன் பிறந்தான். நிலம் வாங்கி விற்பதில் இறங்கிக் கடன்பட்டார். சொத்தும் போயிற்று, மனைவி கொண்டுவந்த சீரும் போயிற்று. அந்த அம்மையார் வைக்கோல் தொப்பி செய்யும் இடத்தில் வேலை பார்த்துக் குடும்பம் நடத்தினார். புதியன கண்டுபிடித்தவர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இத்தகைய மனைவியரை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். நானும் வேறு செய்தி கிடைக்காமல் அப்படியே கடக்க வேண்டியிருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793 இல் லியோன் நகரம் முற்றுகையிடப்பட்டது. நகரைக் காக்கத் தந்தையும் மகனும் போரிட்டார்கள். நகரம் வீழ்ந்ததும் தப்பியோடிப் பின் படையில் சேர்ந்தார்கள். போரில் மகன் இறந்தான். ஜக்கார்டு மட்டும் தனியே ஊர் திரும்பினார்.

அதன் பிறகுதான், ஐம்பதை நெருங்கிய வயதில், அவர் தறியைக் கையில் எடுத்தார். 1801 இல் பாரிசுப் பொருட்காட்சியில் தம் திருந்திய தறியை வைத்தார். மீன்வலை பின்னும் ஒரு பொறியையும் செய்தார். பாரிசிலுள்ள கைத்தொழில் காட்சியகத்துக்கு அழைக்கப்பட்டார். அங்கே வோக்கான்சன் என்பவர் 1745 இல் செய்த தறி ஒன்று பயனற்றுக் கிடந்தது. அந்த வோக்கான்சன், இரை தின்னும் இயந்திர வாத்து செய்து ஐரோப்பாவையே வியக்கவைத்தவர். ஆயினும் அவர் தறியில் எந்த நெசவாளியும் நெய்யவில்லை. அதற்கும் முன்பே, 1725 இல் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதச் சுருளையும், 1728 இல் பால்கோன் என்பவர் துளையிட்ட அட்டைகளையும் தறியில் பயன்படுத்தியிருந்தார்கள். ஆகவே அட்டையை ஜக்கார்டு கண்டுபிடித்தார் என்று நம் பாடநூல்கள் சொல்வது சரியன்று. ஒருவர் விட்டுச்சென்ற அட்டையையும் மற்றொருவர் விட்டுச்சென்ற பொறியையும் இணைத்தவர் அவர். தறியில் உட்கார்ந்து பழகியவர் என்பதால், எது எங்கே சிக்கும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

அந்தப் பெட்டி வேலை செய்யும் விதத்தை, அன்றாடம் பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். ஒவ்வொரு பாவு இழையும் மேலேயுள்ள ஒரு கொக்கியிலிருந்து நூலால் தொங்குகிறது. ஒவ்வொரு கொக்கிக்கும் குறுக்கே ஓர் ஊசி உண்டு. நான்கு பக்கமுள்ள ஓர் உருளை, அட்டையைக் கொண்டுவந்து ஊசிகளின்மேல் அழுத்தும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே புகுந்துவிடும். அதன் கொக்கி நின்ற இடத்திலேயே நிற்கும். மேலெழும் கம்பி அதைத் தூக்கிச் செல்லும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளும், கொக்கி விலகும், இழை கீழேயே தங்கிவிடும். ஓர் அட்டை, ஓர் ஊடை. அட்டைகள் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து. கயிறு இழுத்த குழந்தைக்கு அங்கே வேலை இல்லை.

1805 ஏப்ரலில் நெப்போலியன் லியோனுக்கு வந்து இத்தறியைப் பார்த்தார். உரிமை நகரத்துக்கு அளிக்கப்பட்டது. ஜக்கார்டுக்கு ஆண்டுக்கு 3,000 பிராங்கு ஓய்வூதியமும், விற்கும் தறி ஒவ்வொன்றுக்கும் 50 பிராங்கும் கிடைத்தன. நெசவாளர்களோ கொதித்தெழுந்தார்கள். அவருடைய தறி பொதுச் சதுக்கத்தில் உடைக்கப்பட்டதாகவும், அவர் உயிருக்கே ஆபத்து நேர்ந்ததாகவும் பழைய வரலாறுகள் கூறும்.

அந்த நெசவாளர்களை முன்னேற்றம் அறியாத மூடர்கள் என்று எழுதியிருப்பதைப் பல நூல்களில் கண்டேன். எனக்கு உடன்பாடில்லை. முதலாவது, தொடக்கத்தில் அந்தப் பொறி சரியாக ஓடவே இல்லை. பிரெத்தோன் என்ற தொழிலாளி 1815 வாக்கில் அட்டை ஓடும் பகுதியைத் திருத்திய பிறகுதான் அது பரவலாக விற்றது. ஓடாத பொறிக்காகக் கடன் வாங்கத் தயங்கியது அறியாமையா? இரண்டாவது, கண்டுபிடித்தவருக்கு ஓய்வூதியம் எழுதிய அரசாங்கம், கயிறு இழுத்த சிறுமிக்கு என்ன எழுதியது? அவளுக்கு வேறு வேலை கற்றுக்கொடுக்க யாரும் முன்வந்ததாக நான் படித்த எந்த நூலிலும் இல்லை.

வேலையே இல்லாமல் போகவும் இல்லை என்பதுதான் வியப்பு. சித்திரத்தைப் படித்து அட்டையில் துளையிடுபவர், அட்டைகளைக் கோப்பவர், பெட்டியைப் பழுது பார்ப்பவர் என்று முன்பு இல்லாத கைத்திறன்கள் தேவைப்பட்டன. உயரமான புதுத் தறிகளுக்காகவே க்ருவா ரூஸ் என்ற குன்றின்மேல் ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரக் கூரையுடன் வீடுகள் எழுந்தன; இன்றும் நிற்கின்றன. (எங்கள் வீட்டிலும் பெட்டி ஏற்றக் கூரையை உயர்த்தினார்கள். அதற்குப் பாட்டியின் வளையல்கள் போயின.) 1831 நவம்பரிலும் 1834 ஏப்ரலிலும் லியோன் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்களில் பலர் ஜக்கார்டு தறியில் நெய்தவர்கள்தாம். பொறியை ஒழிக்கச் சொல்லி அவர்கள் எழவில்லை. கூலிக்கு ஒரு விகிதம் கேட்டார்கள். படை வந்து அடக்கியது.

ஜக்கார்டு தம் கடைசிக் காலத்தை ஊலான் என்ற சிற்றூரில் அமைதியாகக் கழித்தார். இரண்டாம் கிளர்ச்சி அடங்கிய நான்காம் மாதம், 1834 ஆகஸ்டு 7 அன்று அங்கே காலமானார். 1839 இல் அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. இங்கிலாந்தின் பாபேஜ் அந்தப் படத்தைத் தம் வீட்டில் வைத்திருந்தார். தம் கணக்குப் பொறிக்கும் இத்தகைய அட்டைகளையே திட்டமிட்டார். 1840 இல் லியோனில் சிலையும் எழுந்தது. கணிப்பொறி அட்டையிலிருந்து பிறந்த கதையை அறிவியல் மாணவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நான் சொல்ல வேண்டியது வேறொன்று. 1983 இல் மிலான் நகரக் கண்காட்சியில் மின்னணு ஜக்கார்டு வந்தது. அதில் அட்டை இல்லை. சித்திரம் கணிப்பொறியிலிருந்து நேரே கொக்கிக்குப் போகிறது. இப்போது கைத்தறிகளுக்கும் அது வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு அட்டை குத்திக் கொடுத்துவந்த பெரியவர் மூன்றாண்டுகளுக்கு முன் காலமானார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. அட்டை கிழிந்தால் அப்பாவே பழைய அட்டையைப் பார்த்துக் குத்திக்கொள்கிறார். இந்தியாவில் கைத்தறித் தொழிலாளர் 1995 கணக்கெடுப்பில் 65.5 இலட்சம்; 2009-10 இல் 43.31 இலட்சம், 2019-20 இல் 35.22 இலட்சம். குறைந்துகொண்டே போகிறவர்களுக்கு நடுவில், பக்கத்துத் தெருவிலுள்ள சித்திரக் கடையில் ஓராண்டாக ஓர் இடம் காலியாகவே கிடந்தது. கணிப்பொறியில் பட்டுச் சேலைக்குச் சித்திரம் போட ஆள் வேண்டும். கணிப்பொறி தெரிந்து வந்தவர்களுக்குக் கோர்வை எங்கே சேரும் என்று தெரியவில்லை. தெரிந்த என் அப்பாவுக்குக் கணிப்பொறி தெரியாது.

சென்ற கோடை விடுமுறையில் நான் அங்கே மாலை வேலைக்குச் சேர்ந்தேன். என் முதல் சித்திரம் ஓர் அன்னம். திரையில் அழகாகவே இருந்தது. தாளில் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா அரை நிமிடம் பார்த்தார். இறகின் நடுவில் விரலை வைத்தார். அங்கே சரிகை பிடிப்பில்லாமல் நீளமாக மிதக்கும், இரண்டு முறை கட்டினால் சேலை இழுபட்டுவிடும் என்றார். அந்த அரை நிமிடத்தை எந்தக் கணிப்பொறி வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னோடு கடைக்கு வருகிறார். கணிப்பொறியைத் தொடமாட்டார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் விரலால் சுட்டிக்காட்டுவார், நான் மாற்றுவேன். காலையில் தொடங்கினால் மதியம் ஆகிவிடும். எனக்குக் கூலி உண்டு. அப்பாவின் நேரம் கணக்கில் வருவதில்லை. மகளுக்குத் துணையாக வந்தவர் என்றே நினைக்கிறார்கள். அதைக் கேட்க வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். இரண்டு வாரத்துக்கு முன் முதலாளியிடம் நானே கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.