டாம் மாரிஸின் பட்டறையும் தேய்ந்துபோன மட்டை முகமும்

கோல்ஃப் பணக்காரர் விளையாட்டாச்சே, நம்ம மலரில் அதற்கென்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் கோல்ஃப் ஆடியவன் இல்லை. சர்ஃபேஸ் கோட்டிங் பற்றி செமினார் எடுக்கப் புத்தகங்களைப் புரட்டியபோது, கோல்ஃப் மட்டையின் முகத்துக்கு ஏன் இத்தனை பூச்சு என்று தேடினேன். அந்தத் தேடல் என்னை ஒரு நெசவாளியின் மகனிடம் கொண்டுபோய் விட்டது.

ஸ்காட்லாந்தின் கடலோர ஊர் செயின்ட் ஆண்ட்ரூஸ். அங்கே 1821 ஜூன் 16-ல் பிறந்தவர் டாம் மாரிஸ். பதினான்கு வயசு வாக்கில் ஆலன் ராபர்ட்சன் என்பவரிடம் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். ராபர்ட்சன் அன்றைய தலைசிறந்த ஆட்டக்காரர். பந்து செய்வதிலும் கில்லாடி. தோலைத் தைத்து, அதற்குள் ஒரு தொப்பி நிறைய இறகைத் திணித்துச் செய்யும் பந்து அது. நாள் முழுக்க உட்கார்ந்தாலும் மூணு நாலு பந்துதான் தேறும். மழையில் நனைந்தால் பொத்தலாகும், இரும்பு மட்டை பட்டால் கிழியும். அதனால் விலை அதிகம். அந்த விலையில்தான் குருவுக்கும் சிஷ்யனுக்கும் சோறு.

1848 வாக்கில் வந்தது வினை. மலாயா மரங்களின் பாலிலிருந்து எடுக்கும் கட்டாபெர்ச்சா. வெந்நீரில் போட்டால் இளகும், உள்ளங்கையில் உருட்டினால் பந்து, ஆறினால் கல் மாதிரி! ராபர்ட்சன் கொதித்துப் போனார். இறகுப் பந்துத் தொழிலே போச்சே என்ற பயம். ஒருநாள் டாம் அந்தப் புதுப் பந்தில் ஆடினார். விஷயம் குருவின் காதுக்குப் போக, பத்து வருஷத்துக்கு மேல் ஒன்றாய் வேலை பார்த்த இருவரும் பிரிந்தார்கள். நான் ராபர்ட்சனைக் குறை சொல்ல மாட்டேன். கற்ற கை வேலை கண்ணெதிரே மதிப்பிழந்தால் யாருக்குத்தான் வலிக்காது? பின்னால் அவரும் அதே பந்துக்கு மாறினார் என்பது வேறு கதை.

டாம் தனியாகக் கடை போட்டார். 1851-ல் மேற்குக் கரையில் உள்ள பிரஸ்ட்விக் ஊருக்கு மைதானக் காப்பாளராகப் போனார். மட்டை, பந்து செய்யும் பட்டறையும் கூடவே போனது.

இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருகிறது. பந்து கல்லானதும் மட்டை தாங்கவில்லை. அன்றைய மட்டைத் தலை ஆப்பிள், பேரி போன்ற மரங்களில் செதுக்கிய நீண்ட, ஒல்லியான தலை. கெட்டிப் பந்து மோதிய இடம் குழிந்தது, விரிசல் விட்டது. பட்டறைக்காரர்கள் கொஞ்சம் மிருதுவான பீச் மரத்துக்கு மாறினார்கள். முகத்தில் பள்ளம் வெட்டித் தோல் துண்டைப் பதித்தார்கள். அடியைத் தோல் வாங்கிக்கொள்ளும். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். நாம் லேத்தில் கார்பைடு டிப் மாற்றுகிறோமே, அதே யோசனைதான்!

பிடிமானம் இன்னொரு தலைவலி. வழவழப்பான புதுப் பந்து சரியாகப் பறக்காமல் குத்திக்கொண்டு இறங்கியது. அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்தோ ஜம்மென்று பறந்தது. உடனே புதுப் பந்தையே சுத்தியலால் கொத்தி விற்க ஆரம்பித்தார்கள். இரும்பு மட்டையின் முகம் மட்டும் ரொம்ப நாள் வழவழப்பாகவே கிடந்தது. அதில் கோடு கீறும் பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் பரவியது. ஈரமும் புல்லும் இடையில் மாட்டினால் முகம் வழுக்கும்; டயர் பள்ளம் மாதிரி அந்தக் கோடுகள் தண்ணீருக்கு வழிவிடும். துருவுக்கு அன்று எமெரிதான் மருந்து. தேய்க்கத் தேய்க்க இரும்பும் போகும். குரோம் பிளேட்டிங் 1920-களின் பிற்பகுதியில்தான் மட்டைக்கு வந்தது.

இன்றைக்கு வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு, தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிசாக, சில மைக்ரான்தான் இருக்கும். மணல் குழியில் கிடக்கும் குவார்ட்ஸ் துகள் ஸ்டீலைக் கீறும். இந்தப் பூச்சைக் கீறுவது கஷ்டம். ஆனால் அடியில் இருக்கும் ஸ்டீல் மெத்தென்று இருந்தால் பூச்சு முட்டை ஓடு மாதிரி நொறுங்கும். தடித்த பிளேட்டிங்கோ கோட்டின் கூர் விளிம்பை மழுக்கிவிடும். அதனால் சில மட்டைகளில் முகத்தை மட்டும் பூச்சில்லாமல் விட்டுவிடுகிறார்கள், துருப்பிடித்தால் பிடிக்கட்டும் என்று. விதியும் சும்மா விடவில்லை: முகத்தின் சொரசொரப்புக்கு வரம்பு உண்டு. 2010-ல் கோட்டின் விளிம்புக் கூர்மைக்கும் கட்டுப்பாடு போட்டார்கள்.

டாமிடம் திரும்புவோம். 1860-ல் பிரஸ்ட்விக்கில் முதல் ஓப்பன் போட்டி. எட்டுப் பேர் ஆடியதில் வில்லி பார்க்கிடம் இரண்டே அடியில் தோற்றார். 1861, 1862, 1864, 1867-ல் அவரே சாம்பியன். கடைசி வெற்றியின்போது வயது 46. அந்த வயதில் ஓப்பன் ஜெயித்தவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை. அடுத்த ஆண்டே 17 வயது மகன் டாமி ஜெயித்தான்; மொத்தம் நான்கு முறை. 1875 செப்டம்பரில் டாமியின் மனைவி பிரசவத்தில் இறந்தாள், குழந்தையும் போனது. அதே வருஷம் கிறிஸ்துமஸ் நாளில் டாமியும் போய்விட்டான். வயது 24.

டாம் வேலையை விடவில்லை. ஏற்கெனவே செயின்ட் ஆண்ட்ரூஸுக்கே திரும்பி வந்திருந்தார். 1903 வரை அந்த மைதானத்தைக் கவனித்தார். பதினெட்டாவது குழிக்குப் பக்கத்தில் அவர் கடை. பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரையும் அடக்கம் செய்த பிறகு, 1908 மே 24-ல், ஊர் கிளப் ஒன்றின் படிக்கட்டில் விழுந்து 86 வயதில் இறந்தார். அந்தப் பதினெட்டாவது குழிக்கு இன்றும் டாம் மாரிஸ் என்றுதான் பெயர்.